சரோமின் கடதாசிகள்

சரோம் பென்சிலை முஷ்டிக்குள் அடக்கித்தான் பிடிப்பாள், மீன் வெட்டுகிற கத்தியைப் பிடிக்கிற மாதிரி. முப்பது வருசத்துக்கு முன்னர், பிரெஞ்சு பேசுகிற இந்தப் பனி ஊரில், பார்க் எக்ஸ்டென்ஷன் என்ற பகுதியில், மாதா கோயிலுக்குக் கீழே இருந்த அறையில், எழுத்தே தெரியாத பெரிய ஆட்களுக்கென்று ஒரு பிரெஞ்சு வகுப்பு வைத்தார்கள். அங்கேதான் அவளை முதலில் கண்டேன். இரண்டு மாதத்தில் மற்றவர்கள் எல்லாரும் தங்கள் பெயரை எழுதப் பழகிவிட்டார்கள். கடைசி மேசையில் நானும் இந்தக் கம்போடியாக்காரியும் மிஞ்சினோம். படிப்பிக்க வந்த பிள்ளை, பாவம், எங்கள் இரண்டு பேருக்கும் பூனைப் படம் கொடுத்து நிறம் தீட்டச் சொன்னாள். நான் பூனைக்குப் பச்சை அடித்தேன். சரோம் அதைப் பார்த்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அடுத்த கிழமை இரண்டு பேரும் வகுப்புக்குப் போகவில்லை. என் வீட்டில் இருந்து தேத்தண்ணீர் குடித்தோம்.

நான் மன்னார்க் கரைக்காரி. எட்டுப் பிள்ளைகளில் மூத்தவள். தம்பி தங்கைகளை இடுப்பில் சுமந்து திரிந்ததிலேயே பள்ளிக்கூடம் போகிற வயது போய்விட்டது. கையெழுத்துக் கேட்கிற இடத்தில் ஒரு சிலுவை போடுவேன். சரோமும் சிலுவைதான் போடுவாள், அவள் புத்த சமயம். அது எங்களுக்குள் ஒரு பகிடி. இப்போது இதையும் நான் சொல்லச் சொல்ல என் பேத்தி றொஷினிதான் எழுதுகிறாள். எழுத்துத் தெரியாத ஒருத்திக்கு எழுத்துத் தெரியாத இன்னொருத்தி துணையாகக் கிடைப்பது எவ்வளவு பெரிய ஆறுதல் என்று படித்தவர்களுக்கு விளங்காது. விளங்கவும் வேண்டாம்.

அவள் நாங்கள் இருந்த கட்டடத்தில் கீழ் வீட்டில் இருந்தாள். பட்டம்பாங் என்ற ஊரில் மரக்கறி விற்றவள் என்று சொல்லியிருந்தாள். புருசன் இந்த நாட்டுக்கு வந்த இரண்டாம் பனிக்காலத்திலேயே செத்துப்போனான். ஒரே மகன், அப்போது கைக்குழந்தை. அவனுக்கு எரிக் என்று பிரெஞ்சுப் பெயர் வைத்தாள். அவனோடு தன் பாஷையில் அதிகம் கதைக்க மாட்டாள். சாப்பிடு, படு, குளிருது, உடுப்பைப் போடு, இவ்வளவுதான். ஏழு வயதிலிருந்து அந்த வீட்டுக்கு வருகிற கடிதமெல்லாம் அவன்தான் வாசிப்பான்.

பிறகு நாங்கள் இரண்டு பேரும் ஒரே தையல் தொழிற்சாலையில் நூல் வெட்டினோம். சேர்ட்டுகளைக் கட்டுக் கட்டாக எண்ணி வைக்க வேண்டும். அவள் தன் பாஷையில் எண்ணுவாள்: மூய், பீ, பெய், புவன், ப்ராம். ஐந்தோடு எண்ணிக்கை முடிந்துவிடும். ஆறுக்குத் தனிச் சொல் இல்லை, 'ப்ராம் மூய்', அதாவது ஐந்தும் ஒன்றும். ஏழு ஐந்தும் இரண்டும். ஒரு கை முடிந்தால் மற்றக் கை, எவ்வளவு சுகம்! நானும் அப்படியே எண்ணப் பழகிவிட்டேன். நான் மூத்தவள் என்பதால் என்னைப் 'பொங்' என்பாள், அக்கா என்று அர்த்தம். 'ஓம்' என்பதற்குப் பெண்கள் 'சா' என்றும் ஆண்கள் 'பாத்' என்றும் சொல்ல வேண்டுமாம். பத்து வருசம் நூல் வெட்டியதில் எங்களுக்குள் ஒரு முப்பது பிரெஞ்சுச் சொல்லும் ஒரு பிடி கெமர்ச் சொல்லும் சேர்ந்தன. அதற்கு மேல் தேவைப்படவில்லை. அப்படித்தான் நான் நினைத்திருந்தேன்.

போன மே மாதம் சரோமுக்குப் பாரிசவாதம் வந்தது. இடப்பக்கம் விழுந்துவிட்டது. நாக்கும் தொண்டையும் சொல்வழி கேட்கவில்லை. எல்லாம் விளங்குகிறது, ஆனால் சத்தம் சொல்லாக வராது என்று டொக்டர் சொன்னார். ஆகஸ்டில் அவளை ஒரு பராமரிப்பு இல்லத்தில் விட்டார்கள். அங்கே வேலை செய்த பெண் ஒருத்தி எழுத்துகள் போட்ட பலகை ஒன்றைக் கொண்டுவந்தாள், ஒவ்வொன்றாகக் காட்டினால் சொல்லலாமாம். எரிக் தடுத்துவிட்டான். அம்மாவுக்கு எழுத வாசிக்கத் தெரியாது என்றான். அதைக் கோப்பிலும் எழுதிக்கொண்டார்கள். அதற்குப் பதிலாகப் படம் போட்ட பலகை வந்தது. தண்ணீர், நோ, கக்கூசு, குளிர். அவளுக்கு வேண்டியதற்கு அதில் படம் இருக்கவில்லை.

எரிக்குக்குப் புவாண்ட்-கிளேரில் களஞ்சிய வேலை, பின்னேர முறை. சனிக்கிழமையில்தான் வருவான். நான் ஒவ்வொரு நாளும் பஸ் எடுத்துப் போவேன். ஒரு நாள், விரலுக்குப் பயிற்சி என்று சொல்லி, கொஞ்ச வெள்ளைக் கடதாசியும் ஒரு பென்சிலும் அவளுடைய தட்டில் வைத்திருந்தார்கள். சரோம் காலையிலிருந்து கீறினாளாம். நான் போனபோது கடதாசி முழுக்கச் சுருளும் வளைவும். ஒவ்வொன்றுக்கும் தலையில் மயிர் நிற்கிற மாதிரி ஒரு வளைவு, கீழே காலைப்போல இன்னொரு குட்டிச் சுருள். கோலம்போல இருந்தது, ஆனால் கை நடுக்கத்தில் கோணிப்போயிருந்தது.

அங்கே வேலை செய்த பெண்கள் இரண்டு பேர் அதைத் தூக்கிப் பார்த்தார்கள். "வடிவாக் கீறியிருக்கிறா" என்று ஒருத்தி பிரெஞ்சில் சொன்னாள். மற்றவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

எனக்குப் பத்திக்கொண்டு வந்தது. எழுதத் தெரியாத ஒரு பெரிய மனுசி எழுதுகிற மாதிரிக் கிறுக்குகிறாள் என்று சிரிக்கிறார்கள். எனக்கு அந்தச் சிரிப்புத் தெரியும். கந்தோர்களில் சிலுவை போடும்போது கேட்டிருக்கிறேன். கடதாசியைப் பறித்து, நாலாக மடித்து, என் பைக்குள் வைத்தேன்.

"நீ யோசிக்காத. உன்னைப் பாத்து ஒருத்தரும் சிரிக்க விடமாட்டன்" என்று தமிழிலேயே சொன்னேன்.

சரோமின் முகம் மலர்ந்தது. அசைகிற அந்த ஒரு கையைத் தூக்கி நெற்றிக்கு நேரே பிடித்தாள். எனக்கு நன்றி சொல்கிறாள் என்று நினைத்தேன். வீட்டுக்கு வந்து கடதாசியைக் கிழித்துப் பழைய கடதாசிப் பெட்டிக்குள் போட்டேன்.

அடுத்த நாளும் ஒரு கடதாசி. அதற்கடுத்த நாளும். நான் போவதற்கு முன்னரே முடித்து, தலையணைக்குக் கீழே வைத்துக்கொண்டு காத்திருப்பாள். நான் மடித்து வைப்பேன், அவள் கையை நெற்றிக்கு உயர்த்துவாள். எட்டு நாள், எட்டுக் கடதாசி. எட்டையும் நான்தான் கிழித்தேன்.

ஒன்பதாம் நாள் மழை. றொஷினி என்னைக் காரில் கொண்டுபோனாள். நான் கடதாசியை மடிக்கிறபோது அவள் எட்டிப் பார்த்தாள்.

"அம்மம்மா, அதைக் காட்டுங்கோ."

"என்னத்துக்கு? அவள் சும்மா கீறினது."

"ஒருக்காக் காட்டுங்கோவன்."

"மாட்டன். எல்லாரும் அவளின்ர கிறுக்கலைப் பாக்கத்தான் நிக்கிறியள்."

என் கையிலிருந்து அவள் இழுத்துவிட்டாள். விரித்துப் பார்த்தாள்.

"இது கிறுக்கல் இல்லை, அம்மம்மா. இது எழுத்து."

"உனக்கு விசரோ? அவளுக்கு எழுத்துத் தெரியாது. எனக்குத் தெரியாதே அவளை? முப்பது வருசம்!"

"எழுத்துத் தெரியாதது உங்களுக்கு. அதால அவவுக்கும் தெரியாதெண்டு நிக்கிறியள்."

பேத்தி என்பதால் பொறுத்தேன். அவள் போனை எடுத்துக் கடதாசியைப் படம் பிடித்தாள். இது கெமர் மொழி என்று போன் உடனே சொல்லிவிட்டது. என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டதற்கு மட்டும் 'காற்று நாற்பது நெல் கொடு கொடு' என்று உளறியது. நடுங்கிய கையெழுத்து அதற்குப் பிடிபடவில்லை.

நான் அப்போதுதான் சரோமின் கையைப் பார்த்தேன். பென்சில் இன்னும் கையில் இருந்தது. பெருவிரலும் சுட்டுவிரலும் பிடிக்க, நடுவிரல் கீழே தாங்க, மெதுவாக, வடிவாகப் பிடித்திருந்தாள். எட்டு நாளும் நான் கடதாசியைத்தான் பார்த்தேன். கையைப் பார்க்கவில்லை.

"நீ எழுதுறியோ?" என்றேன். என்ன பாஷையில் கேட்டேன் என்று ஞாபகமில்லை. அவள் கண்ணை ஒருமுறை மூடித் திறந்தாள்.

அடுத்த நாள் சனிக்கிழமை, எரிக் வந்தான். அவன் பிரெஞ்சில் கதைத்ததை றொஷினி எனக்குச் சொன்னாள், நான் என் வாயில் வருகிறபடி சொல்கிறேன்.

"என்ர அம்மாவோ எழுதினவ? அன்ரி, நான் ஏழு வயசில லைற் பில் வாசிச்சனான். என்ர பள்ளிக்கூட றிப்போட்டில அம்மாவுக்காக நானே சிலுவை போட்டனான். அப்பா செத்த கடதாசியைக்கூட, வாசிக்கப் பழகின பிறகு, நான்தான் அம்மாவுக்கு வாசிச்சுச் சொன்னனான், அன்ரி!"

"அது அவளுக்குத் தெரியாத பிரெஞ்சு எழுத்தல்லோ, மகன்."

"அப்ப இதைத் தெரியுமெண்டு ஒரு நாளாவது சொல்லியிருக்கலாமே?"

அவன் கட்டிலில் குனிந்து, "அம்மா, உண்மையோ?" என்று கேட்டான். அவள் கண்ணை மூடித் திறந்தாள். அவன் ஜன்னலுக்குப் போய் அங்கேயே நின்றான். நாற்பது வயது தாண்டிய ஆள், தோள் குலுங்கியது. நான் போகவில்லை.

ஞாயிற்றுக்கிழமை கடதாசியோடு கெமர் ஆட்களின் விகாரைக்குப் போனோம், எரிக்கும் றொஷினியும் நானும். சரோம் வருசா வருசம் சோறு சமைத்துக்கொண்டு போகிற இடம், வாசல் வரை பானையைத் தூக்கிக் கொடுப்பவள் நான். எரிக் பதினைந்து வயதுக்குப் பிறகு அங்கே காலடி வைக்கவில்லை. வாசலில் ஒரு பெரியவர் இருந்தார். "நீ சரோமின்ர மகனோ?" என்று தங்கள் பாஷையில் கேட்டிருக்கிறார். எரிக் பணிவாகக் கும்பிட்டு, "சா" என்றான்.

பக்கத்தில் மரக்கறி வெட்டிக்கொண்டிருந்த பெண்கள் எல்லாரும் கொல்லென்று சிரித்துவிட்டார்கள். ஆம்பிளை 'பாத்' என்றல்லோ சொல்ல வேண்டும்! அவனுக்கு அந்தச் சொல்லைச் சொல்லிக்கொடுக்க வீட்டில் ஆம்பிளை இருக்கவில்லை. காதெல்லாம் சிவந்துபோனான். பெரியவர் மட்டும் சிரிக்கவில்லை. "தாயிட்ட மட்டும் பாஷை கேட்டு வளந்த பிள்ளை" என்று சொல்லி அவனைத் தன் பக்கத்தில் இருத்தினார்.

கடதாசியைக் கண்ணுக்குக் கிட்டப் பிடித்து, விரலால் தடவித் தடவி வாசித்தார். அவர் பிரெஞ்சில் சொல்லச் சொல்ல, றொஷினி எனக்குச் சொன்னாள். சொல்லுக்கும் சொல்லுக்கும் நடுவில் இடைவெளி விடுகிற பழக்கம் அவர்களுக்கு இல்லையாம். எங்கே சொல் முடிகிறது என்று வாசிக்கிறவன்தான் பிரித்துக்கொள்ள வேண்டும். எழுத்துக்கு மேலே இருப்பதை அவர்களும் மயிர் என்றுதான் சொல்வார்களாம், கீழே தொங்குவதைக் கால் என்பார்களாம். உயிர்க்குறிகள் எழுத்துக்கு முன்னாலும் பின்னாலும் மேலேயும் கீழேயும் வந்து ஒட்டும். "எங்கட எழுத்திலயும் கொம்பு முன்னுக்கு வரும், அம்மம்மா" என்றாள் றொஷினி. பெரியவர் என்னைப் பார்த்து, இந்த எழுத்தே ஒரு காலத்தில் உங்கள் பக்கத்திலிருந்து, தென்னிந்தியாவிலிருந்து, கடல் கடந்து வந்ததுதான் என்றார். எனக்கு வராத எழுத்து அவ்வளவு தூரம் போயிருக்கிறது.

"ஐயா, என்ன எழுதியிருக்கிறா? அதைச் சொல்லுங்கோ" என்றேன்.

பெரியவர் வாசித்தார். றொஷினி மெதுவாக எனக்குத் தமிழில் சொன்னாள்.

"பொங் கொண்டுவந்து தந்த கடதாசிகளின் தொடர்ச்சி. நான் படிப்பித்த நாற்பத்தொரு பிள்ளைகளில் முப்பத்திரண்டு பேரை அனுப்பிவிட்டேன். இனி இவர்கள்."

அதற்குக் கீழே நாலு பெயர்கள்.

"முதல் வந்த கடதாசியள் எங்க?" என்று பெரியவர் கேட்டார். எரிக் என்னைப் பார்த்தான். றொஷினியும் பார்த்தாள்.

நான் நிலத்தைப் பார்த்தேன்.

பெரியவர் சொல்ல வேண்டியதைச் சொன்னார். அவர்களுக்குச் செப்டெம்பர் கடைசியில் செத்தவர்களின் பெரிய நாள் வரும். பதினைந்து நாள். குடும்பத்து ஆட்கள் தங்கள் செத்தவர்களின் பெயர்களை எழுதிக் கொடுப்பார்கள், பிக்குகள் அதைக் கூப்பிட்டு வாசிப்பார்கள். பெயர் கூப்பிடாத ஆவிகள் விகாரை விகாரையாகப் பசியோடு அலையும் என்பது நம்பிக்கை. எனக்கு அதை விளங்கப்படுத்தத் தேவையில்லை. நவம்பரில் எங்கள் கோயிலிலும் மரித்த ஆத்துமாக்களுக்குப் பெயர் எழுதிக் கொடுப்போம். செத்துப்போன என் புருசன் எமிலியானுசின் பெயரை வருசா வருசம் றொஷினி எழுதித் தருவாள், சுவாமியார் பூசையில் வாசிப்பார்.

"அவ ஒவ்வொரு வருசமும் வருவா, சோறு வைப்பா, பெயர் ஒண்டும் தரமாட்டா. எழுதத் தெரியாது எண்டுவா. நான் எழுதித் தாறன் எண்டால், எனக்கு ஆரும் இல்லை எண்டுவா" என்றார் பெரியவர். "கறுப்புச் சட்டைக்காரர் எங்கட நாட்டைப் பிடிச்சு ஆண்ட காலத்தில எழுத்துத் தெரிஞ்சவையைத்தான் முதல் கொண்டுபோனவங்கள். ரீச்சர் எண்டு தெரிஞ்சால் உயிர் இல்லை. மரக்கறி விக்கிறவள் எண்டு சொல்லித் தப்பியிருப்பா. இங்க வந்தவையில ஆர் எந்தப் பக்கம் நிண்டவை எண்டு ஆருக்குத் தெரியும்? அதால பிறகும் சொல்லியிருக்கமாட்டா."

அந்தக் கோயில் கீழறையில் முஷ்டிக்குள் பிடித்த பென்சில் பயத்தில் பிடித்தது. நான் பூனைக்குப் பச்சை அடித்துக்கொண்டு பக்கத்தில் இருந்திருக்கிறேன்.

அன்று பின்னேரமே பழைய கடதாசிப் பெட்டியைக் கவிழ்த்தோம். எரிக் முழங்காலில் இருந்து ஒவ்வொரு துண்டாகப் பிரித்தான். கடை விளம்பரங்கள், பால் மட்டை, பீட்சா மட்டை. குப்பை லொறி வெள்ளிக்கிழமையே வந்து போய்விட்டது.

"பரவாயில்லை அன்ரி. அம்மாவுக்கு ஞாபகம் இருக்குத்தானே. திரும்ப எழுதச் சொல்லுவம்" என்றான்.

திங்கட்கிழமை புதுக் கொப்பியோடு போனோம். முந்தின இரவு அவளுக்கு இரண்டாம் முறையும் பாரிசவாதம் வந்திருக்கிறது. வலக்கையும் போய்விட்டது. எரிக் பென்சிலை அவளுடைய விரல்களுக்குள் வைத்து, தன் கையால் மூடிப் பிடித்தான். விட்டதும் அது உருண்டு கட்டிலுக்குக் கீழே போயிற்று. மூன்று தரம் எடுத்து வைத்தான்.

கண் மட்டும் இருந்தது. பெரியவர் விகாரையிலிருந்து குழந்தைகள் படிக்கிற எழுத்து அட்டை ஒன்றைக் கொண்டுவந்து சுவரில் தொங்கவிட்டார். முப்பத்துமூன்று எழுத்து, அவற்றோடு குறிகளும். அவர் ஒவ்வொன்றாகத் தொட, அவள் வேண்டிய இடத்தில் கண்ணை மூட வேண்டும். ஒரே குறி, ஒரு எழுத்தோடு சேர்ந்தால் ஒரு சத்தம், இன்னொரு எழுத்தோடு சேர்ந்தால் வேறு சத்தமாம். பெரியவரே சில இடத்தில் தடுமாறினார். அவள் களைத்துப்போவாள். கண் தானாக மூடும், அது 'ஓம்' என்கிற மூடலா, நித்திரையா என்று தெரியாது. இரண்டு கிழமையில் இரண்டு பெயர் வந்தது.

நான் அந்தக் கட்டிலுக்குப் பக்கத்தில் இருந்து என்ன செய்தேன்? வாயைத் துடைத்தேன். காலைத் தடவினேன். வேறு ஒன்றும் எனக்குத் தெரியாது.

பெரிய நாள் வந்தது. பிக்குகள் வரிசையாக இருந்து பெயர்களை வாசித்தார்கள். மற்ற வீடுகளின் பெயர்கள் நீளமாகப் போயின. சரோமின் ஆறு பெயரும் ஒரு மூச்சில் முடிந்துவிட்டன. நான் பெரியவரின் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"ஐயா, மிச்சம் முப்பத்தைஞ்சு பேரையும் கூப்பிடச் சொல்லுங்கோ."

"பெயர் இல்லாமல் எப்பிடிக் கூப்பிடுறது, அக்கா?"

"சரோமின்ர பிள்ளையள் எண்டு கூப்பிடுங்கோ!"

"பெயர் தெரியாத எல்லாருக்கும் சேர்த்து ஒரு வாசகம் இருக்கு. அதை வாசிச்சவை. அதுக்கு மேல எனக்கும் ஏலாது."

நான் விடவில்லை. கத்தினேன் என்று றொஷினி சொல்கிறாள். கத்தியிருப்பேன். ஒன்றும் நடக்கவில்லை.

திரும்பி வரும்போது காரில் எரிக் சொன்னான்: "அன்ரி, அம்மா எல்லாக் கடதாசியும் விகாரைக்குப் போயிட்டுது எண்டு நினைச்சுக்கொண்டு இருக்கிறா. அப்பிடியே இருக்கட்டும். சொல்லாதேங்கோ."

"சொல்லுவன்" என்றேன்.

"ஏன் அவவை நோகடிக்கிறியள்?"

"மிச்சம் மூண்டு பேர்தான் எண்டு அவள் நினைக்கிறாள், மகன். அந்த மூண்டு முடிஞ்சதும் கண்ணை மூடிப்போட்டுப் போயிடுவாள். முப்பத்திரண்டு பேர் இன்னும் வாசல்ல நிக்கினம். அது அவளுக்குத் தெரியவேணும்."

அவன் எங்களோடு இல்லத்துக்கு வந்தான். சரியென்று மட்டும் சொல்லவில்லை.

கட்டிலுக்குப் பக்கத்தில் இருந்து அவளுடைய முகத்தை என் பக்கம் திருப்பினேன். எங்களுக்குள் இருந்த முப்பது சொல்லில் தேடினேன். நூல், கத்தரிக்கோல், பசி, குளிர், நாளைக்கு. மன்னிப்புக்கு எங்களிடம் சொல் இருக்கவில்லை. தொழிற்சாலையில் குப்பை கொட்டியவர்கள் நாங்கள், அதனால் குப்பைக்குச் சொல் இருந்தது.

"பாப்பியே" என்றேன். கடதாசி. என் நெஞ்சில் தட்டிக் காட்டினேன். "புபெல்." குப்பைத் தொட்டி. எட்டு விரலை விரித்துக் காட்டினேன்.

அவளுக்கு விளங்கியது. விளங்காமல் இருந்திருந்தால் நல்லது என்று அந்த நேரத்தில் நினைத்தேன். கண்ணை மூடவில்லை, என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் முகத்தைத் திருப்பவில்லை. திருப்பக்கூடாது என்று பிடிவாதமாக இருந்தேன். நெடுநேரத்துக்குப் பிறகு அவளுடைய பார்வை என்னை விட்டுச் சுவரில் தொங்கிய அட்டைக்குப் போயிற்று. அங்கேயே நின்றது.

எரிக் எழும்பி அட்டைக்குப் பக்கத்தில் போனான். அவனுக்கு அதில் ஒரு எழுத்தும் தெரியாது. முதல் வரிசையின் முதல் எழுத்தில் விரலை வைத்துத் தாயைத் திரும்பிப் பார்த்தான். அவள் மூடவில்லை. அடுத்ததில் வைத்தான். இருபதுக்கு மேலே போன பிறகு கண் மூடித் திறந்தது. அவன் அந்த எழுத்தின் உருவத்தைப் பார்த்துப் பார்த்துக் கொப்பியில் கீறினான், மயிரையும் விடாமல். பெரியவருக்குக் காட்ட வேண்டும்.

அன்று இரண்டு எழுத்து வந்தது. மூன்றாவதைத் தேடிக்கொண்டிருக்கும்போது அவள் நித்திரையாகிவிட்டாள்.